முப்பத்தைந்து – எட்டு

கருகிய லக் ஒன்றை
மேசைமேல் வைத்தார் தேசப்பன்.
ஒன்றும் சொல்லவில்லை.
டீ வந்தது, குடித்தார்,
அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

என் கைவேலைதான்.
போன ஐப்பசியில்
கடையில் முப்பத்தைந்து தீர்ந்திருந்த ஒரு மாலை,
ஐம்பதின் வாய்க்குள் முப்பத்தைந்து கேபிளைச் சொருகி
மிச்ச இடத்தில் துண்டுக் கம்பிகளைத் திணித்து
சுத்தியலால் நாலு சாத்து.
இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.
கைக்கு வராததெல்லாம்
பிடித்திருக்கிறது என்று அப்போது நினைப்பு.

அங்கே பதினெட்டு மைலில்
எஞ்சினை அணைத்துவிட்டு
மறுபடி சாவியைத் திருப்பினால்
டக்.
இன்னொரு தரம்
டக்.
இரண்டு பேட்டரியும் நிறைந்து கிடக்க
ஸ்டார்ட்டர் பட்டினி கிடக்க
நடுவில் சூடேறிக்கொண்டிருந்தது
என் நாலு சாத்து.
வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்த கதையை
ஐஸ் உடைக்கிற நாகூரான் சொல்லித்தான் கேட்டேன்.
மீன் என்ன ஆனது என்று
அவனிடமும் கேட்கவில்லை.

நாளை மறுநாள் நள்ளிரவோடு
மீன்பிடித் தடை முடிகிறது.
காசிமேடு முழுக்கப் பெயின்ட் வாசனை.

காலையில் கோவிந்தப்ப நாயக்கன் தெரு.
"சுத்த செம்புக்கா" என்றான் முதல் கடைப் பையன்.
பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினேன்.
வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை:
செம்புச் சட்டை போட்ட அலுமினியம்.
மூன்றாவது கடையில் கிடைத்தது தலைகீழாய்,
வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு.
வெள்ளீயம் பூசிய செம்பு.
உப்புக்காற்றுக்கு இதுதான் நிற்கும்.
படகில் கயிறு வைத்து
முடிச்சிட்டு எடுத்துவந்த நீளத்துக்கு மேல்
ஒரு சாண் கூட்டி வாங்கினேன்;
எஞ்சின் உதறும்போது
கேபிளுக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டும்.

லக்கின் நெற்றியில் இரண்டு எண்கள்.
முப்பத்தைந்து கேபிளுக்கு,
எட்டு போல்ட்டுக்கு.
பத்து ஓட்டையிலும் எட்டு போல்ட் நிற்கும்,
கடன் கேட்கப் போன வீட்டு நாற்காலியில்
விளிம்பில் உட்காருகிறவன் மாதிரி.

மெட்ரோ வேலைக்குப் போகிற இம்தியாஸிடம்
ஹைட்ராலிக் கிரிம்பர் ஒருநாள் இரவல்.
தோலை உரித்தேன்,
ஒரு இழைகூட வெட்டுப்படாமல்.
லக்குக்குள் போட்டதும்
ஆடவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை.
அச்சை மாட்டிக் கைப்பிடியை அழுத்த அழுத்த
வட்டம் அறுகோணமானது.

முதலில் செய்ததைக் கொடுக்கவில்லை.
ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்தேன்.
ஒரு லக் நஷ்டம்.
அறுத்த முகத்தை
நாலாம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்து
அவர் கையில் கொடுத்தேன்.
இழை இழையாய் இல்லை,
இடுக்கு இல்லை,
ஒரே சிவப்பு.
வெளிச்சத்தில் சாய்த்து
ஏலத்தில் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி
பார்த்தார் தேசப்பன்.
"ம்" என்றார்.
அன்றைக்கு அவர் பேசிய முதல் எழுத்து.

சாயங்காலம் படகில்
கருப்புக் குழாயை லக்கின் கழுத்துவரை சுருக்கி
போல்ட்டை முடுக்கினேன்.
மீட்டரின் ஒரு முனை பேட்டரித் தலையில்,
இன்னொரு முனை லக்கின் மேல்.
"அடிங்க!"
எஞ்சின் எழுந்த அந்த ஒரு நொடியில்
முள் நகரும் பழைய மீட்டராய் இருந்தால்
அசைந்திருக்காது:
புள்ளி பூஜ்யம் நாலு.

டெக்கில் குந்திக் கேபிள் காசை மட்டும் சொன்னேன்.
கூலியும் சேர்த்து எண்ணிக் கொடுத்தார்.
இறங்கும்போதுதான்
டீசல் புகைக்குள்ளிருந்து குரல் வந்தது:

"முப்பத்தஞ்சு இல்ல, நாளைக்கு வாங்கன்னு
அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா
வந்திருப்பேன் இல்ல, அமலி?"